குவாரித் தண்ணீர் ஓடைக்கு வந்தால் யாரைக் கேட்பது?

கேள்வி: எங்கள் தோட்டத்துக்கு மேட்டுப்பக்கம் இரண்டு கருங்கல் குவாரிகள். ஒன்று ஓடுகிறது. மழை பெய்தால் குழியில் தேங்கிய தண்ணீரை மோட்டார் போட்டு ஓடையில் விடுகிறார்கள். பால் போல வருகிறது. இன்னொன்று குத்தகை முடிந்து மூன்று வருடமாகச் சும்மா கிடக்கிறது. அதுவும் நிரம்பி வழிகிறது. எங்கள் கிணற்று நீரின் ருசி மாறிவிட்டது. கேட்டால், “அது மழைத்தண்ணீர், ஓடையும் வறண்ட ஓடைதானே” என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: அவர்கள் சொல்லும் இரண்டு காரணமும் நிற்காது. 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டம் பாதுகாக்கும் நீர்நிலைகளில், தற்சமயம் வறண்டு கிடக்கும் நீர்வழியும் உண்டு, நிலத்தடி நீரும் உண்டு. அதேபோல, தொழில் நடக்கும் இடத்திலிருந்து வெளியேற்றப்படும் திரவம், வீட்டுக் கழிவுநீர் தவிர, எதுவானாலும் அது தொழிற்கழிவுநீர்தான். மழையாக விழுந்த தண்ணீர் என்றாலும், கல்தூளும் டீசலும் வெடிமருந்து எச்சமும் கலந்து மோட்டார் வழியே வெளியே வந்துவிட்டால் அதற்கு விலக்கு கிடையாது.

ஓடும் குவாரிக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை இருக்க வேண்டும். எந்தத் தண்ணீரை, எவ்வளவு, எங்கே விடலாம் என்பது அதில்தான் எழுதியிருக்கும். அதனால் மனு எழுதுவதற்கு முன் அந்த இசைவாணையின் நகலை வாங்குங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும். சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதத்தையும், நிபந்தனைகளைக் கடைப்பிடித்ததாகக் குவாரிக்காரர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தர வேண்டிய அறிக்கையையும் சேர்த்தே கேளுங்கள். அந்த அறிக்கை பொது ஆவணம். ‘வண்டல் தொட்டி அமைத்துள்ளோம்’ என்று அதில் எழுதியிருந்து, இடத்தில் தொட்டியே இல்லாவிட்டால், அந்த ஒரு பக்கமே உங்கள் மனுவுக்குப் பெரிய பலம்.

அடுத்தது தண்ணீர் மாதிரி. சுரங்கத் தண்ணீர் என்றதும் பலரும் அமிலத்தைத்தான் தேடுகிறார்கள். மேகாலயாவின் ஜெயந்தியா மலையில் நிலக்கரிக் குழிகளின் கந்தகக் கனிமம் காற்றும் நீரும் பட்டு அமிலமாகி ஆறுகளில் இறங்கியது. அங்கே லூக்கா ஆறு குளிர்காலத்தில் நீலமாக மாறுவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். கருங்கல்லில் அப்படி நடப்பது அரிது. நீங்கள் தேட வேண்டியது மிதக்கும் திடப்பொருள், எண்ணெய், நைட்ரேட். நீர்நிலையில் விடும் கழிவுநீருக்கான பொது வரம்பில் மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 100 மில்லிகிராம், எண்ணெயும் கிரீஸும் 10.

நைட்ரேட் அம்மோனியம் நைட்ரேட் வெடிமருந்திலிருந்தும் வரும், நீங்கள் போடும் யூரியாவிலிருந்தும் வரும். எதிர்த்தரப்பு முதலில் இதைத்தான் பிடித்துக்கொள்ளும். எனவே ஒரே நாளில் நான்கு இடத்தில் எடுங்கள்: குவாரிக்கு மேலே, தண்ணீர் விழும் இடத்தில், கொஞ்சம் கீழே, அப்புறம் உங்கள் கிணற்றில். கைவிட்ட குழியும் வழிந்தால் அது தனி மாதிரி. பாட்டிலை (எண்ணெய்ச் சோதனைக்கான தனிப் பாட்டிலைத் தவிர) அதே தண்ணீரில் மூன்று முறை அலசி நிரப்பி, தேதி, நேரம், இடம் எழுதி ஒட்டி, ஐஸ் வைத்த பெட்டியில் அன்றே குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்குக் கொண்டு போங்கள்.

ஆனால் ஒன்று: நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தில் வழக்குத் தொடர, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி உரிய நோட்டீஸ் கொடுத்து முறைப்படி எடுத்த மாதிரிதான் செல்லும். நீங்கள் எடுத்தது அவரை அங்கே வரவைப்பதற்கு. ஆகவே அந்த வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கான மனுவில் “நடவடிக்கை எடுங்கள்” என்று மட்டும் எழுதாமல், “மழைக்குப் பின் தண்ணீர் இறைக்கும்போது 21-ஆம் பிரிவின்படி மாதிரி எடுங்கள்” என்று கேளுங்கள். மோட்டார் ஓடும் வீடியோவை இணையுங்கள்.

கைவிட்ட குவாரி கடினமான விஷயம். குத்தகை முடிந்ததும் இசைவாணையும் போய்விடுவதால், எல்லோரும் கையை விரிப்பார்கள். அங்கே அதே நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24-ஆம் பிரிவைப் பிடியுங்கள். மாசுப் பொருளை ஓடைக்குள் விடுபவரோடு, அது தெரிந்தே போக இடங்கொடுப்பவரையும் அது தடுக்கிறது. எனவே முதலில் நிலம் பட்டாவா புறம்போக்கா என்று பாருங்கள். புறம்போக்கு என்றால் மனு ஆட்சியருக்கும் கனிமவளத் துறைக்கும் போக வேண்டும். பழைய சுரங்கத் திட்டத்தில் குழியை மூடுவது, வேலி போடுவது பற்றி இருக்கும் பகுதியைக் கேட்டு வாங்குங்கள். பழைய குத்தகைதாரர் செய்யாமல் விட்டது என்ன என்பது அப்போது தெரியும். சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்கென்றே மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதி இருக்கிறது. குடிநீரும் மாசுத் தடுப்பும் அதில் முன்னுரிமைப் பணிகள். கிராம சபைத் தீர்மானத்தோடு கேட்டால் மறுப்பது கடினம்.

இதெல்லாம் நடக்காவிட்டால் சென்னையில், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. இழப்பீடும் சீரமைப்பும் கேட்க, பாதிப்புக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஐந்து வருடம்தான் கெடு. மூன்று வருடம் ஏற்கெனவே போயிருக்கலாம். தண்ணீர் எப்போது மாறியது என்பதை வீட்டில் எல்லோரிடமும் கேட்டு இன்றே எழுதி வையுங்கள். நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால் கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால் கலக்க வேண்டாம். காய்ச்சினாலும் நைட்ரேட் போகாது.