மறு: குற்றத்தை ஒப்புக்கொண்ட கட்சிக்காரருக்காக எப்படி வாதாடுவது?

சகோதரி, திருகோணமலையில் காணி அலுவலர் ஒருவர் இலஞ்சம் வாங்கியதை உங்களிடம் ஒப்புக்கொண்டுவிட்டு, அது கடன்தான் என்று சொல்லத் தன் மச்சானைச் சாட்சியாக அழைக்கச் சொல்கிறார் என எழுதியிருந்தீர்கள்.

தொடர்ந்து வாதாடலாம். குற்றத்தை நிரூபிப்பது வழக்குத்தொடுநரின் பொறுப்பு. முறைப்பாட்டாளர் உண்மையில் என்ன பேசினார், பணம் கைமாறியதை அதிகாரிகள் நேரில் கண்டார்களா, அடையாளமிட்டுக் கொடுத்த பணத்தாள்கள் எங்கே கிடைத்தன என்று ஒவ்வொன்றையும் கடுமையாகக் குறுக்கு விசாரணை செய்யுங்கள். அதில் வெட்கப்பட எதுவுமே இல்லை. ஆனால் அந்த மச்சானைக் கூண்டில் ஏற்றாதீர்கள். கடன் என்ற கதையை நீங்களாக முன்வைக்கவும் கூடாது. பொய்யென்று அறிந்தே நீதிமன்றத்தை ஏமாற்றுவதாகிவிடும்.

அவர் ஒப்புக்கொண்டதை இலஞ்ச ஆணைக்குழுவிடம் சொல்லவும் உங்களுக்கு உரிமையில்லை. சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 126ஆம் பிரிவு அதைக் காக்கிறது. சட்டவிரோத நோக்கத்தை முன்னெடுக்கும் பேச்சுக்கு மட்டும் அந்தக் காப்பு இல்லை என்பதை அவருக்கு இன்றே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

மச்சானை அழைத்தே ஆகவேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தால் வழக்கிலிருந்து விலகுங்கள். வேறு சட்டத்தரணியை அமர்த்த அவருக்கு அவகாசம் இருக்கும்போதே விலகுவது முக்கியம். சிறிய ஊர், சந்தையிலும் கோயிலிலும் உறவினர்கள் காரணம் கேட்பார்கள். யாரிடமும் சொல்லாதீர்கள்.