நன்றாக ஓடிய மகளின் நேரம் ஏன் குறையவில்லை?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. 800 மீட்டர் ஓடுகிறாள். 12 வயதில் பெரிய பயிற்சி எதுவும் இல்லாமலே 2 நிமிடம் 24 விநாடியில் ஓடினாள். போன வருடம் 2:18. இந்த வருடம் என்ன முயன்றும் 2:21-க்குக் கீழே வரவில்லை. பந்தயம் முடிந்ததும் என் முகத்தைப் பார்க்கவே தயங்குகிறாள். காலையிலும் ஒரு வேளை பயிற்சி சேர்க்கலாம், கொஞ்சம் எடையும் குறையட்டும் என்கிறார் பயிற்சியாளர். சம்மதிக்கலாமா?

பதில்: காலைப் பயிற்சியைப் பற்றி அப்புறம் பேசலாம். எடை குறைக்கும் பேச்சை இன்றைக்கே நிறுத்துங்கள்.

இந்த ஒரு வருடத்தில் அவள் எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று அளந்து பார்த்தீர்களா? பருவமடையும் வயதில் உயரமும் எடையும் சட்டென்று கூடும், இடுப்பு விரியும், ஆனால் அந்தப் புது உடம்பைச் சுமந்து ஓடும் பலம் அதே வேகத்தில் வந்துவிடாது. நிறையப் பெண் பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டு வருடம் நேரம் அப்படியே நிற்கும், கூடவும் செய்யும். திறமை எங்கேயும் போய்விடவில்லை, உடம்பு வேறு வேலையில் இருக்கிறது, அதற்குச் சாப்பாடு வேண்டும். அந்த நேரத்தில் சாப்பாட்டைக் குறைத்தால் மாதவிடாய் நின்றுபோகலாம், எலும்பு பலமிழக்கலாம். அமெரிக்காவின் மேரி கெய்ன் 2013-இல், 17 வயதில், உலகச் சாம்பியன்ஷிப் 1500 மீட்டர் இறுதிப் போட்டியில் ஓடியவர். எடையைக் குறைக்கச் சொல்லி நெருக்கியதில் மூன்று வருடம் மாதவிடாயே வரவில்லை, ஐந்து எலும்புகள் முறிந்தன என்று 2019-இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

உங்கள் மகளுக்கு மாதவிடாய் தொடங்கிய பிறகு மூன்று மாதம் வராமல் போனாலோ, 15 வயதாகியும் தொடங்கவில்லை என்றாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். காலில் விரலால் தொட்டுக் காட்டும்படி ஒரே இடத்தில் வலி, ஓடினால் கூடுகிறது என்றால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு அன்றைக்கே போங்கள். எப்போதும் சோர்வாக இருந்தால் ரத்தப் பரிசோதனையில் ஃபெரிட்டினையும் (உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டுவது) பார்க்கச் சொல்லுங்கள், ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே அது குறைந்திருக்கலாம். இரும்புச்சத்து மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

சரி, காலைப் பயிற்சி. இந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும், விடிகாலைப் பயிற்சி அதைத்தான் முதலில் திருடும். 800 மீட்டர் வேக ஓட்டம் போலத் தெரிந்தாலும் அதில் செலவாகும் சக்தியில் பாதிக்கு மேல் ஆக்சிஜன் வழியாகத்தான் வருகிறது, அந்த அடித்தளம் வருடக்கணக்கில் மெதுவாகக் கட்டப்படுவது, இன்னொரு வேளை சேர்த்து ஆறு மாதத்தில் வாங்கிவிட முடியாது. பிரிட்டனின் கெல்லி ஹோம்ஸ் பள்ளி வயதிலேயே தேசிய அளவில் ஜெயித்தவர், பிறகு ராணுவத்தில் சேர்ந்து சில வருடம் தடகளத்தை விட்டே விலகியிருந்தார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸில் 800, 1500 இரண்டிலும் தங்கம் வாங்கும்போது அவருக்கு வயது 34. உங்கள் மகளுக்கு இன்னும் இருபது வருடம் இருக்கிறது.

அவள் உங்கள் முகத்தைப் பார்க்கத் தயங்குகிறாள் என்று எழுதியிருக்கிறீர்களே, கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது அந்த வரிதான். நானும் ஸ்டாப்வாட்ச்சோடு நின்ற அப்பாதான். என் மகன் 1500 ஓடுவான். வீடு திரும்பும் வழியெல்லாம் மூன்றாவது சுற்றில் ஏன் விட்டாய் என்று கேட்டுக்கொண்டே வருவேன். ஒரு கட்டத்தில் பந்தய நாள் காலையில் அவனுக்கு வயிற்று வலி வர ஆரம்பித்தது, மருத்துவர் பார்த்தால் ஒன்றும் இல்லை. காரணம் நான்தான் என்று புரிய எனக்கு ஒரு சீசன் முழுக்க ஆனது. ஸ்டாப்வாட்ச்சை வீட்டிலேயே வைத்துவிட்டேன், ஓடி வந்ததும் தண்ணீர் கொடுத்து "பசிக்கிறதா?" என்று மட்டும் கேட்டேன். சில வாரத்தில் மூன்றாவது சுற்றைப் பற்றி அவனே பேச ஆரம்பித்தான்.

பயிற்சியாளரிடம் அவள் இல்லாத நேரத்தில் போய்ப் பேசுங்கள். வளர்ச்சி வேகம் அடங்கும் வரை கூடுதல் வேளை வேண்டாம், எடை பற்றி அவளிடம் ஒரு வார்த்தையும் வேண்டாம் என்று சொல்லுங்கள். நல்லவர் என்றால் புரிந்துகொள்வார். எடை விஷயத்தில் மட்டும் பிடிவாதம் பிடித்தால் தயங்காமல் வேறு பயிற்சியாளரைத் தேடுங்கள்.