வாய்ப்பாடு ஒப்பிக்கிறான், நடுவில் கேட்டால் திணறுகிறான்: கேள்வி பதில்

மன்னார்குடியிலிருந்து: மூன்றாம் வகுப்புப் பையன் ஏழாம் வாய்ப்பாட்டைக் கடகடவென்று ஒப்பிக்கிறான். எட்டேழு எவ்வளவு என்றால் 'ஓரேழு ஏழு'விலிருந்து ஆரம்பிக்கிறான்.

பதில்: அவனுக்கு அது ஒரு பாட்டு மாதிரி பதிந்திருக்கிறது, முதலடி பிடித்தால்தான் நடுவரி வரும். ஒப்பிப்பது ஒப்பிக்கட்டும். கூடவே பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சின்ன அட்டைகளாக வெட்டி, முன்பக்கம் 8×7, பின்பக்கம் 56 என்று எழுதுங்கள். ஒரு வேளைக்கு எட்டு அட்டை போதும். அதில் தெரியாதது இரண்டுக்கு மேல் வேண்டாம். கலைத்துப் போட்டுக் கேளுங்கள். மூன்று விநாடியில் வரவில்லையா, "யோசி, யோசி" என்று நெருக்காதீர்கள். நெருக்கினால் ஏதோ ஒரு எண்ணைச் சொல்வான், அந்தத் தப்பே பதிந்துவிடும். விடையை நீங்களே சொல்லி, "எட்டேழு ஐம்பத்தாறு" என்று அவன் வாயால் முழுசாகச் சொல்ல வைத்து, அந்த அட்டையை மூன்று அட்டை தள்ளிச் செருகுங்கள். அன்று ராத்திரி ஒருமுறை, மறுநாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். தினம் பத்து நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார வைப்பது வீண்.

கும்பகோணத்திலிருந்து: 7×8 கேட்டால் என் மகள் 54 என்றே சொல்கிறாள். திருத்தி அலுத்துவிட்டது.

பதில்: 54 என்பது 6×9. பக்கத்துப் பக்கத்து விடைகளைச் சேர்த்துப் படித்தால் இப்படித்தான் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 6×9 அட்டையை ஒரு வாரம் எடுத்து வையுங்கள். 7×8க்கு இரட்டிப்பைச் சொல்லிக்கொடுங்கள்: 7, 14, 28, 56. சந்தேகம் வந்தால் அவளே சரிபார்த்துக்கொள்வாள்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து: ஸ்டாப்வாட்ச் வைத்துக் கேட்கலாமா?

பதில்: தப்பில்லாமல் சொல்லும்வரை வேண்டவே வேண்டாம்.

திருவாரூரிலிருந்து: இவ்வளவையும் மனப்பாடம் செய்யணுமா என்று பிள்ளை பயப்படுகிறது.

பதில்: 2 முதல் 9 வரை மொத்தம் 64 பெருக்கல். 6×7, 7×6 இரண்டும் ஒன்று என்று புரிந்தால் 36. இரண்டு, ஐந்து எளிது. ஒன்பதுக்குப் பத்தால் பெருக்கி ஒருமுறை கழித்தால் ஆச்சு (9×7 என்றால் 70−7). இவை போக மிச்சம் 15தான். அதிலும் எல்லாரும் முட்டிக்கொள்வது 6×7, 6×8, 7×8.

திருப்பிப் போட்டாலும் ஒன்றுதான் என்பதை வாயால் சொன்னால் பிள்ளை நம்பாது. பல்லாங்குழியை எடுங்கள். ஒரு பக்கத்து ஏழு குழியிலும் ஆறாறு புளியங்கொட்டை போடச் சொல்லுங்கள்: 42. பிறகு ஒரு குழியைக் காலி செய்து, அந்த ஆறையும் மற்றக் குழிகளுக்கு ஒவ்வொன்றாகப் பங்கிடட்டும். ஆறு குழி, குழிக்கு ஏழு. கொட்டை கூடவுமில்லை, குறையவுமில்லை என்பதைக் கையே கண்டுகொள்ளும்.

மயிலாடுதுறையிலிருந்து: பள்ளியில் ஆங்கிலத்தில், வீட்டில் தாத்தா தமிழில். குழம்புவானோ?

பதில்: அட்டைப் பயிற்சியை மட்டும் பள்ளியில் சொல்லும் மொழியிலேயே வையுங்கள். தாத்தா நிலக்கணக்கு கேட்கட்டும் (மா, வேலி இரண்டும் நில அளவுகள்): "ஏக்கருக்கு மூணு மா, எட்டு ஏக்கருக்கு எத்தனை மா? வேலிக்கு இருபது மா, மூணு வேலிக்கு?" 24, 60 என்று தமிழில் சொன்னாலும் ஆங்கிலத்தில் சொன்னாலும் தாத்தா சரியென்று ஏற்றுக்கொள்ள வேண்டும்.