பவர் பிளானை மாற்றினால் எஃப்பிஎஸ் ஏறுமா?

கேள்வி: என் லேப்டாப்பில் இன்டெல் ஐ5 11400எச் பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 3050 கிராஃபிக்ஸ், விண்டோஸ் 11. வாலரண்ட் ஆடும்போது அவ்வப்போது திணறுகிறது. விண்டோஸின் பவர் பிளானை ‘பேலன்ஸ்டு’ என்பதிலிருந்து ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ ஆக்கினால் எஃப்பிஎஸ் (ஒரு நொடியில் திரையில் வரும் காட்சிகளின் எண்ணிக்கை) ஏறிச் சரியாகிவிடும் என்கிறார்கள் நண்பர்கள். உண்மையா?

பதில்: சார்ஜரில் போட்டு ஆடுபவருக்குப் பெரும்பாலும் வித்தியாசமே தெரியாது. வேலை குறைவாக இருக்கும்போது பிராசஸர் எவ்வளவு தூரம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்பதில்தான் இந்த இரண்டு பிளான்களும் முக்கியமாக வேறுபடுகின்றன. ‘பேலன்ஸ்டு’ பிளானில் அந்தக் கீழ் எல்லை வழக்கமாக 5 சதவீதம், ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ பிளானில் 100. கேம் ஓடும்போது பிராசஸர் எங்கே சும்மா இருக்கிறது? 2015இல் வந்த ஸ்கைலேக் தலைமுறை முதல், இன்டெல் சிப்கள் தேவைக்கேற்பத் தாங்களே வேகத்தை ஏற்றிக்கொள்கின்றன.

நீங்கள் பார்க்க வேண்டியது மேல் எல்லையை. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், உங்கள் பிளானுக்கு எதிரே ‘சேஞ்ச் பிளான் செட்டிங்ஸ்’, பிறகு ‘சேஞ்ச் அட்வான்ஸ்டு பவர் செட்டிங்ஸ்’. அதில் ‘பிராசஸர் பவர் மேனேஜ்மென்ட்’டை விரித்தால் ‘மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்’ வரும். சூட்டைக் குறைக்க அதை 99 ஆக்கச் சொல்லும் வீடியோக்கள் ஏராளம். ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் அதோடு டர்போ, அதாவது அடிப்படை வேகத்தைத் தாண்டி ஓடும் வசதி, மொத்தமாக நின்றுவிடும். டர்போவில் 4.5 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் உங்கள் சிப், அடிப்படை வேகமான 2.7ஐத் தாண்டாது. வாலரண்ட் பிராசஸரை நம்பி ஓடும் கேம், எனவே அடி நேராக எஃப்பிஎஸ்ஸில் விழும். கேம் ஓடும்போதே டாஸ்க் மேனேஜரின் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்தில் சிபியு வேகத்தைப் பாருங்கள். 2.7ஐ ஒட்டியே நின்றால், ‘மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட்’டின் கீழே உள்ள ‘பிளக்டு இன்’ (சார்ஜரில் இருக்கும்போது) வரியை 100 ஆக்குங்கள். 100 ஆக்கியும் வேகம் ஏறி ஏறி இறங்கினால் சூட்டைச் சந்தேகியுங்கள். இந்தச் சிப் 100 டிகிரியைத் தொட்டதும் தானாகவே வேகத்தைக் குறைக்கும். அதற்கு மருந்து பவர் பிளானில் இல்லை, ஃபேனில் அடைந்த தூசியை எடுப்பதிலும் சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றுவதிலும் இருக்கிறது.

அடுத்தது லேப்டாப் கம்பெனியின் சொந்த மோடு. அதை மாற்ற, லெனோவோ கேமிங் லேப்டாப்பில் எஃப்என், க்யூ விசைகளையும், ஆசுஸ் கேமிங் லேப்டாப்பில் பெரும்பாலும் எஃப்என், எஃப்5 விசைகளையும் சேர்த்து அழுத்த வேண்டும். பிராசஸரும் கிராஃபிக்ஸும் எத்தனை வாட் இழுக்கலாம் என்பதை முடிவுசெய்வது இந்த மோடுதான். லேப்டாப் 3050க்கு என்விடியா வைத்திருக்கும் வரம்பே 35 வாட்டிலிருந்து 80 வாட் வரை! கூடவே வந்த சார்ஜரையே போடுங்கள். 65 வாட் டைப்-சி சார்ஜரில் எந்த மோடு வைத்தும் பயனில்லை. பேட்டரியில் ஆடும்போது எஃப்பிஎஸ் சரியாக 30இல் நின்றால், பேட்டரியை மிச்சப்படுத்தும் என்விடியாவின் ‘பேட்டரி பூஸ்ட்’ வசதி பூட்டு போட்டிருக்கலாம்.

பிளானை ‘பேலன்ஸ்டு’ ஆகவே விடுங்கள். செட்டிங்ஸில் சிஸ்டம், பவர் அண்ட் பேட்டரி, பவர் மோடு என்று போய் ‘பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்’ வைத்தால் போதும். ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ பிளானில் இருந்தால் இந்த பவர் மோடை மாற்ற விண்டோஸ் விடாது.

உங்களுக்கு யோசனை சொன்ன நண்பர்களில் யாராவது ஏஎம்டியின் ரைசன் 9 7950எக்ஸ்3டி பிராசஸர் உள்ள டெஸ்க்டாப் வைத்திருந்தால் அவருக்கும் ‘பேலன்ஸ்டு’தான். அந்தச் சிப்பில் கூடுதல் கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) ஒரு பாதிக் கோர்களுக்கு மட்டுமே உண்டு. கேம் ஓடும்போது மற்ற பாதிக் கோர்களை விண்டோஸ் ஓரங்கட்ட வேண்டும்; ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ போட்டால் அவை ஓய்வெடுப்பதில்லை, கேம் கேஷ் இல்லாத பக்கம் தாவி எஃப்பிஎஸ் இறங்கவும் கூடும்.