பையன் பெயரில் பாலிசி போடலாமா?

கேள்வி: மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில் ஒரு கடலோர ஊர் எங்களுக்கு. எனக்கு வயது 41. வீட்டுக்காரருக்கு 44, வள்ளத்தில் பங்குக்குப் போகிறார். மீன்பாடு இருந்தால் மாதம் 15,000 வரும். கச்சான் காற்று வலுத்துவிட்டால் அதில் பாதிகூட வராது. மகளுக்கு 19, ராமநாதபுரத்தில் கல்லூரியில் படிக்கிறாள். மகனுக்கு 16. பிறவியிலேயே மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சியும் குறைவு, அவ்வப்போது வலிப்பு வரும். தூக்கித்தான் உட்கார வைக்க வேண்டும். வாசலில் கடலைப் பார்க்க உட்கார வைத்தால்தான் சாப்பிடுவான். முன்பு நண்டுக் கம்பெனிக்கு வேலைக்குப் போனேன், இப்போது போக முடியவில்லை. பிசியோதெரபிக்கு மாதம் எட்டுத் தடவை ஆட்டோ, தடவைக்கு 400 ரூபாய். வலிப்பு மாத்திரை 900. வட்டிக்கு வாங்கிய 60,000க்கு மாதம் 1,800 வட்டி கட்டுகிறோம். மாமனார் வழிப் பனங்காடு விற்றதில் 3 லட்சம் கைக்கு வந்திருக்கிறது. மகன் பெயரில் ஒரு பாலிசி போடு, வருடம் 50,000 கட்டினால் போதும், அவன் வாழ்க்கைக்கு ஆகும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். போடலாமா? எங்கள் காலத்துக்கு அப்புறம் அவனுக்கு எது துணை?

பதில்: வேண்டாம் அம்மா, அந்தப் பாலிசியில் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் உறவினர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் ஆயுள் காப்பீடு என்பது யார் போய்விட்டால் வீட்டில் அடுப்பு அணையுமோ அவர் பெயரில் எடுக்க வேண்டியது. உங்கள் வீட்டில் அது கடலுக்குப் போகும் உங்கள் கணவரும், மகனைத் தூக்கி இறக்கும் நீங்களும். மகன் பெயரில் எடுத்தால் பிரீமியம் கட்டும் சுமை உங்களுக்கு, பாதுகாப்பு யாருக்கும் இல்லை. அதோடு காற்றடித்தால் பாதியாகிற வருமானத்தில் வருடா வருடம் 50,000 கட்டுவேன் என்று ஒப்புக்கொள்வது பெரிய ஆபத்து. இரண்டு வருடம் கட்டி மூன்றாம் வருடம் முடியாமல் போய், போட்டதில் பாதியைக்கூடத் திரும்ப வாங்காத கடலோரக் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் முதலீடு பற்றிக் கேட்டீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு முதலில் பட்டது, அதில் எந்த உதவித்தொகையைப் பற்றியும் ஒரு வரிகூட இல்லை என்பதுதான். எழுதிக் கேட்டேன். மகனுக்கு ஐந்து வயதில் 80 சதவீதம் குறைபாடு என்று ஒரு சான்று வாங்கினோம், உதவித்தொகைக்கு இரண்டு தடவை அலைந்தோம், அப்புறம் விட்டுவிட்டோம் என்று பதில் எழுதினீர்கள். அந்த அலைச்சலை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போய், இன்னொரு நாள் வா என்று சொன்னால் யாருக்கும் மனசு விட்டுப்போகும். ஆனாலும் மறுபடி ஒருமுறை போகச் சொல்கிறேன், ஏனென்றால் கணக்கு இப்படி இருக்கிறது: அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கும் தமிழக அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000. வருடத்துக்கு 24,000. உங்கள் 3 லட்சத்தையும் அப்படியே வங்கியில் ஏழு சதவீதத்துக்குப் போட்டால் வருடம் 21,000தான் வரும். பனங்காட்டைவிடப் பெரிய சொத்து ஒன்று பதினொரு வருடமாகக் கேட்பாரில்லாமல் கிடக்கிறது.

இதைக் கொடுப்பது கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். அங்கே போவதற்கு முன் இரண்டு வேலை. ஒன்று, ஐந்து வயதுச் சான்றைப் புதுப்பிப்பது. அரசு மருத்துவமனையில் இதற்கு முகாம் நடக்கும், எந்தக் கிழமை என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள், பையனைத் தூக்கிக்கொண்டு வீணாகப் போக வேண்டாம். மூளை முடக்குவாதத்தோடு அறிவுசார் குறைபாடும் இருப்பதைச் சான்றில் தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள். கால் கையை மட்டும் பார்த்து எழுதிவிட்டால் பின்னால் சில உதவிகளுக்குத் தடையாகும். இரண்டாவது, யூடிஐடி எனப்படும் தேசிய அளவிலான தனி அடையாள அட்டை. இ-சேவை மையத்திலேயே பதிந்துகொள்ளலாம். பழைய அட்டைப் புத்தகம் இருந்தாலும் இது வேண்டும், இனி எல்லா இடத்திலும் இதைத்தான் கேட்பார்கள். அசல் காகிதங்களைப் பிளாஸ்டிக் உறைக்குள் வையுங்கள். உப்புக்காற்றில் முத்திரை மங்கிப்போன சான்றோடு வந்து நின்றவர்கள் உண்டு.

விண்ணப்பம் கொடுக்கும்போதே இன்னொன்றையும் கேளுங்கள். அதிக உதவி தேவைப்படும் மாற்றுத்திறனாளியைப் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் 1,000 ரூபாய் தனியாக உண்டு. பலருக்கு இது தெரிவதே இல்லை. பார்த்துக்கொள்பவர் என்றால் வேறு யாரோ அல்ல, நீங்கள்தான். வருவாய்த்துறை தரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் வேறு, மகனுக்கான பராமரிப்பு உதவித்தொகை வேறு. இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது, உங்கள் மகனுக்குப் பராமரிப்பு உதவித்தொகைதான் கூடுதல், அதையே கேளுங்கள். இழுத்தடித்தால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்து ரசீது எண் வாங்கிவிடுங்கள். 1100க்குப் போன் செய்து முதல்வரின் உதவி மையத்திலும் பதியலாம். வாய் வார்த்தையாகச் சொன்னது காற்றோடு போகும். எண் போட்ட மனுவுக்கு யாராவது பதில் எழுதியாக வேண்டும்.

சரி, ஆட்டோவுக்கு வருவோம். மாதம் 3,200 என்பது உங்கள் வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுவந்து தருவதுதான் அது என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும் அதில் உண்டு. உங்கள் ஊர்க் கிராம சுகாதார செவிலியரிடம் மகன் பெயரைப் பதியச் சொல்லுங்கள். இன்னொரு வழி, பள்ளிக்கல்வித்துறையின் வட்டார வள மையம். படுத்த படுக்கையாக இருக்கும் பிள்ளைக்கும் 18 வயது வரை அங்கே உரிமை உண்டு, பிசியோதெரபியும் உண்டு, சிறப்பாசிரியர் வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுப்பதும் உண்டு. பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியரைக் கேட்டால் யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்வார். இரண்டும் சேர்ந்தால் எட்டு ஆட்டோ இரண்டாகக் குறையும். மற்றபடி டவுன் பஸ்ஸில் மகனுக்கும் உடன் வரும் ஒருவருக்கும் டிக்கெட் கிடையாது. மதுரைக்குப் பெரிய டாக்டரைப் பார்க்கப் போனால் ரயிலில் ஸ்லீப்பரில் இருவருக்கும் 75 சதவீதம் சலுகை. அதற்கு ரயில்வேயின் தனி அட்டை முன்கூட்டியே வாங்க வேண்டும்.

பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வரும் முதல் நாளே மகனை எப்படித் தூக்குவது, எப்படிக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது என்று உங்களுக்கும் கணவருக்கும் கற்றுத்தரச் சொல்லுங்கள். 16 வயதுப் பையனின் எடையை இனி வருடா வருடம் உங்கள் இடுப்பு தாங்காது. நீங்கள் ஒரு மாதம் படுத்துவிட்டால் கணவர் கடலுக்குப் போக முடியாது, மகள் கல்லூரிக்குப் போக முடியாது. மூளை முடக்குவாதப் பிள்ளைகளுக்கென்றே கழுத்துக்கும் முதுகுக்கும் பிடிமானம் வைத்த சக்கர நாற்காலி இருக்கிறது, அதே நல அலுவலகத்தில் இலவசம். கடைகளில் விற்கும் சாதாரண நாற்காலியைக் காசு கொடுத்து வாங்கிவிடாதீர்கள், அதில் இவன் சரிந்துவிடுவான்.

வலிப்பு மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் கையில் இருப்பதை நிறுத்திவிட்டு மாற்றாதீர்கள். இப்போது சாப்பிடும் மாத்திரைச் சீட்டைக் காட்டி, அதே மருந்து அதே அளவில் இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டுத்தான் மாற்ற வேண்டும். ஒரு நாள் விட்டாலும் வலிப்பு வரலாம்.

மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு தரும் நிராமயா மருத்துவக் காப்பீடு உங்கள் மகனுக்கென்றே வைத்தது போல இருக்கும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் வருடம் 1 லட்சம் வரை. பிறவி நோய் என்று தள்ள மாட்டார்கள், சேருவதற்கு மருத்துவப் பரிசோதனையும் இல்லை. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சேரும் கட்டணம் 250 ரூபாய். படுக்கையில் சேர்க்காமல் வெளியில் பார்க்கும் வைத்தியத்துக்கும் தெரபிக்கும்கூட ஓரளவு பணம் உண்டு, ஆனால் முதலில் நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு வாங்க வேண்டும். அதனால் எந்த பில்லையும் தூக்கிப் போடாதீர்கள். பெரிய ஆபரேஷன் என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கட்டும்.

உங்கள் இருவருக்கும் எடுக்க வேண்டிய காப்பீடு மிக மலிவு. வங்கிக் கணக்கு வழியே பிரதமர் பெயரிலான ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு 436 ரூபாய், சுரக்‌ஷா விபத்துக் காப்பீடு 20 ரூபாய். ஆளுக்கு 456, இருவருக்கும் சேர்த்து வருடம் 912. எப்படி இறந்தாலும் 2 லட்சம், விபத்து என்றால் இன்னொரு 2 லட்சம். 50 வயதுக்குள் சேர வேண்டும், இருவருமே சேரலாம். இதில் நம் கடற்கரைக்கு ஒரு சிக்கல் உண்டு. பணம் மே கடைசியில் கணக்கிலிருந்து தானாக எடுக்கப்படும். கச்சான் தொடங்கும் நேரம், கணக்கு காலியாக இருக்கும், காப்பீடு சத்தமில்லாமல் அறுந்துபோகும். சித்திரையிலேயே அந்தப் பணத்தைக் கணக்கில் போட்டுவிடுங்கள். கணவர் மீனவராகப் பதிவு செய்திருந்தால் அரசே பிரீமியம் கட்டும் 5 லட்ச விபத்துக் காப்பீடும் உண்டு. பதிவு நடப்பில் இருக்கிறதா என்று மீன்வளத்துறை ஆபீஸில் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி 3 லட்சம். 60,000 கடனை இந்த வாரமே அடையுங்கள். வருடத்துக்கு 36 சதவீத வட்டி அது, எந்த முதலீடும் அவ்வளவு தராது. 20,000 ரூபாயில் கழிப்பறைக்குக் கைப்பிடி, உட்காரும் மேடை, வாசலில் சாய்தளம் வைத்துவிடுங்கள். 70,000 சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும், காற்று மாதங்களில் மறுபடி வட்டிக்குப் போகாமல் இருக்க. மீதி 1,50,000ஐ மூன்றாகப் பிரித்து, ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம் என்று தபால் ஆபீஸில் உங்கள் இருவர் பெயரிலும் போடுங்கள்.

கூட்டிப் பாருங்கள். உதவித்தொகை 2,000, பராமரிப்பவருக்கு 1,000, வட்டி மிச்சம் 1,800, ஆட்டோ மிச்சம் 2,400, மாத்திரை 900. மாதம் 8,100. எல்லாம் ஒரே மாதத்தில் வந்துவிடாது, ஆறு மாதம்கூட ஆகலாம். வந்தபின் அதில் பாதியைச் சேர்த்தாலும் உறவினர் சொன்ன 50,000ஐ வருடத்தில் கிட்டத்தட்டத் தொட்டுவிடுவீர்கள், அதுவும் உங்கள் கையில், எப்போது வேண்டுமானாலும் எடுக்கும்படி. வீட்டிலிருந்தே சம்பாதிக்க நினைத்தால், அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளையின் தாய்க்கு மோட்டார் தையல் இயந்திரம் தரும் திட்டமும் அதே நல அலுவலகத்தில் இருக்கிறது.

மகன் பெயரில் பெரிய தொகை போட வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம், இரண்டு வருடத்தில் அவனுக்கு 18. அதன்பின் சட்டப்படி அவன் பெரியவன். தாய் என்ற ஒரே காரணத்தால் அவன் கணக்கில் நீங்கள் கையெழுத்துப் போட முடியாது. உதவித்தொகை வரும் கணக்கே முடங்கிப்போய் நின்றவர்கள் இருக்கிறார்கள். 1999ஆம் ஆண்டு நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி கலெக்டர் தலைமையில் ஓர் உள்ளூர்க் குழு இருக்கிறது. 18 முடிந்ததும் அங்கே விண்ணப்பித்துச் சட்டப் பாதுகாவலர் சான்று வாங்கிவிடுங்கள். கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. உங்களுக்குப் பின் யார் என்ற கேள்விக்கும் இதே குழுதான் வழி. மகளைப் பாதுகாவலராக நினைத்திருந்தால் அவளிடம் உட்கார்ந்து பேசுங்கள். தம்பி மேல் பாசம் இருக்கும், ஆனால் தானாக அவள் தலையில் விழுந்த பொறுப்பாக அது இருக்கக் கூடாது.

இல்லத்தில் சேர்ப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, என்றாவது யோசிக்க வேண்டி வரலாம். நம் மாவட்டத்துக்கு அதில் ஆறாத ஒரு காயம் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பற்றி, சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் தப்ப முடியாமல் இறந்தார்கள். பதிவுச் சான்றைக் கண்ணால் பார்க்காமல், முன்னறிவிப்பில்லாமல் ஒரு மத்தியான நேரம் போய் உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்காமல், யார் சொன்னாலும் எந்த இல்லத்திலும் விடாதீர்கள். அரசு அங்கீகரித்த இல்லங்களின் பட்டியல் நல அலுவலகத்தில் கிடைக்கும்.

கடைசியாக ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு, வலிப்பு வருவதற்கு முன் முகம் எப்படி மாறும், எந்தப் பக்கம் சாய்த்துத் தூக்கினால் வலிக்காது, எந்த மீனுக்கு முள் எடுக்க வேண்டும், பயந்தால் யார் குரல் கேட்டு அடங்குவான் என்று நினைவு வரும்போதெல்லாம் எழுதுங்கள். உங்களுக்கு எழுத நேரமில்லை என்றால் மகள் எழுதட்டும், எழுத எழுத அவளுக்கும் எல்லாம் தெரிந்துவிடும். வாசலில் கடலைப் பார்த்து உட்கார வைத்தால்தான் சாப்பிடுவான் என்று எனக்கு எழுதினீர்களே, அதை முதல் பக்கத்தில் எழுதுங்கள்.