விற்பதற்கு முன் பாத்ரூமில் எதற்குச் செலவு செய்யலாம்?

மடிப்பாக்கம் வாசகி: எங்கள் ஃபிளாட் மூன்றாவது மாடி, இரண்டு பெட்ரூம், 17 வருடப் பழசு. ஆறு மாதத்தில் விற்க உத்தேசம். இரண்டு பாத்ரூமிலும் டைல்ஸ், ஃபிட்டிங்ஸ் மாற்றிக் கண்ணாடித் தடுப்பும் வைக்க நாலரை லட்சம் கேட்கிறார் கான்ட்ராக்டர். கீழ்வீட்டு சீலிங்கில் ஓதம் என்று அவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். போட்ட பணம் திரும்பி வருமா?

முதலில் அந்த ஓதத்தைப் பாருங்கள். பழைய ஃபிளாட்டின் விலை பெரும்பாலும் ஏரியா, மனையில் உங்கள் பங்கான யூடிஎஸ், கட்டடத்தின் வயது ஆகியவற்றில் நிற்கிறது. புது ஷவருக்காக வங்கி மதிப்பீட்டாளர் தொகையைப் பெரிதாக ஏற்ற மாட்டார். ஆனால் பாத்ரூமின் பின்சுவரில் பெயின்ட் உப்பியிருந்தால், வாங்க வருகிறவர் அங்கேயே கையை வைத்துப் பார்த்துவிட்டுப் பேரத்தைத் தொடங்குவார்.

கசிவு எங்கே என்று தெரியாமல் உடைக்க விடாதீர்கள். இரண்டு நாள் அந்த பாத்ரூமைப் புழங்காமல் விட்டும் சொட்டு அதே வேகத்தில் வந்தால், தண்ணீர் வரும் குழாயின் மேல்தான் முதல் சந்தேகம். 17 வருடத்தில் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் உள்ளே துருப்பிடித்திருக்கும்; சிபிவிசி பிளாஸ்டிக் குழாய்க்கு மாற்றுங்கள். அடுத்தது தரை. நஹானி ட்ராப்பின் (தரையில் தண்ணீர் வடியும் துளை) வாயை அடைத்து, வாசற்படி தாண்டாத அளவுக்கு ஓரிரு அங்குலம் தண்ணீர் நிறுத்தி 48 மணி நேரம் வையுங்கள். கீழே ஈரம் கூடினால் தரை. கூடாமல், அடைப்பை எடுத்துத் தண்ணீரை விட்டதும் கூடினால் கழிவுக் குழாயின் ஜாயின்ட்.

தரைதான் என்றால் டைல்ஸ் இடுக்கில் கிரவுட் பூசி முடித்துவிடலாம் என்பார்கள். சங்கன் ஸ்லாப்பில் (குழாய்கள் போக பாத்ரூமுக்கு அடியில் தாழ்த்திப் போட்ட கான்கிரீட் தளம்) கொட்டியிருக்கும் செங்கல் ஜல்லி ஏற்கெனவே தண்ணீரைக் குடித்து ஊறியிருக்கும். மேலே அடைத்தாலும் கீழே மாதக்கணக்கில் சொட்டும். ஜல்லியை முழுக்க அள்ளி, ஸ்லாப்பைச் சுத்தம் செய்து, குழாய் ஜாயின்டுகளை மாற்றி, தரையும் சுவரும் சேரும் மூலைகளைக் கலவையால் உருட்டிப் பூச வேண்டும். கசிவு பெரும்பாலும் தொடங்குவது அந்த மூலைகளிலும், ஸ்லாப்பைக் குழாய் துளைக்கும் இடத்திலும்தான். அதன்மேல் பாலிமர் கலந்த சிமென்ட் கோட்டிங் இரண்டு கை: முதல் கை நீளவாக்கில், அது காய்ந்தபின் இரண்டாவது குறுக்குவாக்கில். சுவரில், முடிந்த தரைக்கு மேல் ஓரடியாவது, ஷவர் பக்கம் ஆறடியும் ஏற்றுங்கள். மறுபடி 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்திப் பார்த்தபிறகே நிரப்ப வேண்டும். நிரப்பியதன் மேலும், டைல்ஸ் ஒட்டுமுன், ஒரு தடவை கோட்டிங் தேவை. தண்ணீர் வடியத் தரையின் வாட்டம் ஐந்தடிக்கு முக்கால் அங்குலம். பாத்ரூம் தரை அறைத் தரையைவிட அரை அங்குலமாவது தாழ்ந்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து வையுங்கள். வாங்குபவரிடம் கண்ணாடித் தடுப்பைவிட அந்தப் படங்கள் அதிகம் பேசும். டைல்ஸ் வெளிர் நிறம், தரைக்கு வழுக்காத மேட். பணம் மிஞ்சினால் மற்றது.

ஸ்ரீரங்கம் வாசகர்: வீட்டில் இரண்டுமே இந்தியன் டாய்லெட். விற்கும்முன் மாற்ற வேண்டுமா?

ஒன்றையாவது வெஸ்டர்னாக மாற்றுங்கள். முழங்கால் வலியோடு பெரியவர்கள் இல்லாத வீடு அபூர்வம். படுக்கையறைக்குப் பக்கத்தில் இருப்பதையே தேர்ந்தெடுங்கள். க்ளோசெட்டை (வெஸ்டர்ன் டாய்லெட்டின் பீங்கான்) வாங்கிவிட்டு அளவெடுப்பதில்தான் தவறு நடக்கிறது. கழிவு தரை வழியாகப் போனால் எஸ் ட்ராப், சுவர் வழியாக என்றால் பி ட்ராப். எஸ் ட்ராப்புக்கு டைல்ஸ் ஒட்டிய சுவரிலிருந்து துளையின் மையம் வரை அளந்து கொள்ளுங்கள். கடையில் 9 அங்குலத்துக்கும் 12 அங்குலத்துக்கும் தனித்தனி மாடல் உண்டு. மாறிப்போனால் க்ளோசெட் சுவரை இடிக்கும், அல்லது பின்னால் இடைவெளி விழும். பழைய இந்தியன் டாய்லெட் பேசினை எடுத்த குழியையும் வாட்டர்ப்ரூஃபிங் செய்யாமல் மூடிவிடாதீர்கள்.

கோவை வாசகி: மூன்று பெட்ரூம் தனி வீட்டில் ஒரே பாத்ரூம். மாடிப் பெட்ரூமின் மூலையில் இன்னொன்று கட்டினால் விலை கூடுமா?

பாத்ரூம் செலவுகளில் விலையை உண்மையிலேயே தூக்கக்கூடியது இதுதான். அட்டாச்டு பாத்ரூம் இல்லாத மூன்று பெட்ரூம் வீட்டைப் பலர் பார்க்கவே வருவதில்லை. குளியலும் டாய்லெட்டும் சேர்ந்ததற்கு 2.8 சதுர மீட்டராவது வேண்டும், அதாவது சுமார் 30 சதுர அடி. அகலம் 4 அடிக்குக் குறையக் கூடாது. இருக்கும் கழிவுக் குழாயை ஒட்டிய வெளிச்சுவர் மூலையாகப் பாருங்கள். 4 அங்குலக் கழிவுக் குழாய்க்கு 40க்கு 1 வாட்டம், பத்தடிக்கு 3 அங்குலம். தூரம் கூடக்கூடத் தரையை உயர்த்த வேண்டிவரும். உள்ளே படியேறிப் போகும் பாத்ரூமை யாரும் விரும்புவதில்லை. ஸ்லாப்பைத் துளைக்கலாம், பீமைத் தொடவே கூடாது. கூடுதல் எடையை ஸ்லாப் தாங்குமா என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஈசானி மூலையையும் பூஜை அறைக்கு நேர் மேலேயும் தவிருங்கள். நீங்கள் வாஸ்து பார்க்காதவராக இருந்தாலும், வாங்குபவர் அதைச் சொல்லி விலை குறைப்பார்.

வேளச்சேரி வாசகர்: உடைக்காமல், 40,000 ரூபாய்க்குள் என்ன செய்யலாம்?

உப்புத் தண்ணீர்க் கறையில் தொடங்குங்கள். ஆசிட் ஊற்றினால் சிமென்ட் கிரவுட் அரித்துக் கசிவுக்கு வழி விடும், குரோமும் கறுக்கும். ஆசிடும் ப்ளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் வருவது குளோரின் நச்சுவாயு. சிட்ரிக் ஆசிட் கரைசலைத் துணியில் நனைத்துக் கறைமேல் அரை மணி நேரம் போட்டு வைத்துத் தேயுங்கள் (மார்பிள் என்றால் அதுவும் கூடாது). பழைய கிரவுட்டைச் சுரண்டி எபாக்ஸி நிரப்புங்கள். அடிப்பாகம் ஊறிப்போன கதவை எடுத்துவிட்டு பிவிசி அல்லது டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது) கதவு போடுங்கள். ஒழுகும் ஃப்ளஷ் டேங்கின் வால்வு, ஹெல்த் ஃபாசெட், எக்ஸாஸ்ட் ஃபேன் மூன்றும் அடுத்தது. கீசருக்கு 16 ஆம்பியர் பாயின்டும் எர்த்தும், போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கின்றனவா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். இல்லையென்றால் மற்ற எல்லாவற்றுக்கும் முன் இதைச் செய்யுங்கள், உயிர் சம்பந்தப்பட்டது.

அதே வாசகர்: பாத்டப்?

வேண்டாம். ஒரு குளியலுக்கே 150 லிட்டர் கேட்கும். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டில் அது இடத்தை மட்டும் அடைக்கும்.