பவளமாலைக்கு என்ன நிறம்?

அன்புள்ள ஐயா,

என் தாத்தா சிறுவயதில் பாய்ஸ் கம்பெனி என்ற சிறுவர் நாடகக் குழுவில் ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேடம், போட்டவர். 1930களில் நாடகத்தில் வரும் பவளத்தீவு அரசி பவளக்கொடியின் வேடத்தில், கிருஷ்ணர் வேடக்காரருடன் ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட படம் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதை ஸ்கேன் செய்து, மென்பொருளில் வண்ணமேற்றி, பின்னால் நிலவும் நிஜக் கடலும் வைத்துச் சித்திரமாக்கினேன். பெரியப்பா பார்த்துவிட்டு, “இது எங்கள் அப்பா இல்லை” என்று எழுந்து போய்விட்டார். நான் செய்தது தவறா? இரண்டு படங்களையும் இணைத்திருக்கிறேன்.

ஆர்., மதுரை

அன்புள்ள ஆர்.,

தவறு என்று சொல்ல மாட்டேன். அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர்களே தூரிகையால் கன்னத்துக்கு ரோஜா நிறம் பூசிக் கொடுத்தவர்கள்தாம். ஆனாலும் இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது என் மனம் பெரியப்பா பக்கம்தான் சாய்ந்தது.

உங்கள் சித்திரத்தில் கிருஷ்ணர் வெள்ளைக்காரத் துரை போல இருக்கிறார். தாத்தாவின் பொட்டு கறுப்பு, கழுத்து மாலையும் கறுப்பு. அன்று சிற்றூர் ஸ்டூடியோக்களில் படம் பதியப் புழங்கிய கண்ணாடித் தகடுகள் பல சிவப்பை உணராதவை. குங்குமம் அவற்றில் கறுப்பாக விழும், நீலம் வெளுத்துப்போகும். நீலம் பூசிய கிருஷ்ணர் வெளிறியதும் பவளம் கரிமணியானதும் அப்படித்தான் இருக்க வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய பவளக்கொடிக்குக் கழுத்தில் பவளம் இல்லாவிட்டால் எப்படி? மென்பொருளுக்குத் தகடும் தெரியாது, நாடகமும் தெரியாது. நாடக நடிகையும் பாடகியுமான கே.பி. சுந்தராம்பாளின் பிற்காலப் புகைப்படம் ஒன்றில் மென்பொருள் புடவைக்கு இளஞ்சிவப்பு பூசியிருந்ததைக் கண்டிருக்கிறேன். 1933இல் கணவர் கிட்டப்பா இறந்தபின், 25 வயதிலிருந்து, வெள்ளைப் புடவையே உடுத்தியவர் அவர்!

நிறத்தையாவது திருத்திவிடலாம். எனக்கு ஆறாதது படுதா. மேடை விளக்கின் வெளிச்சம் அன்றைய தகட்டுக்குப் போதாது. அதனால் நாடகப் படங்கள் பெரும்பாலும் வேடத்தோடு ஸ்டூடியோவுக்குப் போய் நின்று எடுத்தவை. உங்கள் அசல் படத்தில் பின்னால் தொங்கும் படுதாவில் ஓர் அரண்மனை இருக்கிறது. துணியின் மடிப்பு அதன் தூண் ஒன்றைக் குறுக்கே முறித்திருக்கிறது. படுதா முடியும் இடத்தில் வெறும் தரை, அதில் பவளத்தீவு அரசியின் செருப்பில்லாத சிறுவன் கால்கள். எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? உங்கள் சித்திரத்தில் அந்தக் கால்கள் அலைக்குள் போய்விட்டன. ஒரு பையன் பெண்ணாக நடித்த சாமர்த்தியமும் அவற்றோடு போய்விட்டது. மிஞ்சியது கடற்கரையில் நிற்கும் யாரோ ஓர் அழகி. பெரியப்பா தேடியது அவளை அல்ல.

கடலை எடுத்துவிட்டுப் படுதாவைத் திரும்பத் தொங்கவிடுங்கள். நிலவு வேண்டுமென்றால் துணியில் வரைந்த நிலவாக, மடிப்போடு வரையுங்கள். ஸ்கேன் செய்த மூலக்கோப்பைத் தொடாமல் தனியே வைத்துவிட்டு, நகலில் விளையாடுங்கள். வண்ணம் தொடுவதற்கு முன் பெரியப்பாவிடம் போய், அந்த மாலை எந்த டிரங்குப் பெட்டியிலாவது கிடக்கிறதா என்று கேளுங்கள்.